மேசைமேல் ஒரு ரிக்

உக்கடத்துப் பழைய சாமான் கடையில்
கிலோக் கணக்கில் வாங்கினேன்.
மஞ்சள், சிவப்பு, சாம்பல், எல்லாம் கலந்த பிளாஸ்டிக் கட்டைகள்,
நடுவே ஒரு பொம்மைக் கை, இரண்டு காய்ந்த பட்டாணி.
'கொழந்தைக்குங்களா?' என்றார் கடைக்காரர்.
'இல்லீங்க, எனக்கு.'
தராசை இன்னொரு தடவை பார்த்துவிட்டு
கொசுறாக ஒரு பிடி அள்ளிப் போட்டார்.

பகலில் திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில், ரிக் ஆபீஸ்.
அடிக்கணக்கு எழுதுகிற வேலை.
முந்நூறு அடிவரை ஒரு ரேட்,
அதற்குமேல் நூறுக்கு நூறு ஏறும்,
கேசிங் பைப் தனி.
தண்ணீர் வந்ததா என்று கேட்கும் கட்டம்
பில்லில் கிடையாது.

வீட்டுக்காரர் செங்கோட்டுவேல்
ஏழு மாதமாய் ராய்ப்பூர்ப் பக்கம்.
வண்டியோடு போனவர் வண்டியோடுதான் வருவார்.
இரவு வட்டலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
நான் என் வண்டியைக் கட்டுகிறேன்.

வரைபடம் என்று ஒன்றுமில்லை.
பில் புத்தகத்தின் பின்பக்கம்
குமிழ் எண்ணிப் போட்ட கோடுகள்தான்:
அகலம் பத்து, நீளம் முப்பத்தாறு,
பின்னால் இரட்டை அச்சு,
கேபின் தலைக்குமேல் படுத்துக் கிடக்கும் மாஸ்ட்.
எங்களூர் வண்டிக்குப் பெயிண்ட் முக்கியம்.
என்னுடையது ஒருபக்கம் மஞ்சள், மறுபக்கம்
கிடைத்த நிறம்.

மாஸ்ட் எழ வேண்டும். அதுதான் வழக்கு.
எட்டுப் பல் சக்கரம் இருபத்துநாலு பல்லைத் தள்ளியது;
பாதி எழுந்து, டிக் டிக்கென்று பல் தாண்டியது.
நாற்பது பல் போட்டேன்.
அச்சுக்கம்பி முறுக்கிக்கொண்டது, பிழிந்த துணி மாதிரி.
ஒன்பது நாள்.
பத்தாம் நாள் குவியலின் அடியில்
திருகாணி போல ஒரு கறுப்புத் துண்டு, புழுச்சக்கரம்.
ஒரு சுற்றுக்கு ஒரு பல். அவசரம் தெரியாத பிறவி.
அது மாஸ்ட்டைத் தூக்கும்,
மாஸ்ட் அதைத் திருப்ப முடியாது.
மோட்டாரை அணைத்தாலும் நின்ற இடத்தில் நிற்கும்.
ராத்திரி ஒரு மணிக்குக் கைதட்டினேன்.
கீழ்வீட்டு நாய் குரைத்தது.

மறுபடி பட்டனை அழுத்தினேன். முழுக்க நிமிர்ந்தது. ராடு இறங்கியது.
அப்படியே இடப்பக்கம் சாய்ந்து
விழுந்தது வண்டி.

ஃப்ரிஜ்ஜுக்கு அடியில் கைவிட்டு
கட்டை பொறுக்கும்போதுதான் உறைத்தது:
லீவர் எல்லாம் இடப்பக்கம்.
ஆபரேட்டர் நிற்பதும் இடப்பக்கம்.
என் வண்டியில் நான் ஆள் வைக்கவில்லை.

மறுநாள் ஜாக்கின் பாதங்களை
பக்கத்துக்கு இரண்டு குமிழ் அகலமாக்கினேன்.
பேட்டரிப் பெட்டிக்குக் கம்ப்ரசர் என்று பேர்வைத்துக்
கீழே, நட்டநடுவில் இறக்கினேன்.
அழகு போச்சு.
சாயவில்லை.

போன் வந்தது, இரைச்சலோடு.
'எண்ணூறு அடி. வெறும் புழுதி.
இங்க கரிசல் மண்ணு, நேத்து மழை வேற.'
'ஜாக்குக்கு அடியில பலகை வெக்கறீங்களா?'
'வெக்கறதுதான்.'
'இன்னும் அகலமா வெய்ங்க.'
கொஞ்ச நேரம் கம்ப்ரசர் மட்டும் பேசியது.
'ஆரு சொன்னா?'
'என்ற வண்டி.'
சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை.
பலகை வாங்கிய ரசீது அடுத்த வாரம்
ஆபீஸுக்கு வந்தது. செலவில் எழுதினேன்.

நேற்று எண்ணெய் டின்னில் மணல் நிரப்பி
முதல் போர் போட்டேன்.
ராடு ஒன்றோடு ஒன்று மாட்டுமிடம் இரண்டு தடவை கழன்றது.
மூன்றாம் தடவை தகரத்தில் முட்டி நின்றது.
பில் கிழித்தேன், வழக்கமான எழுத்திலேயே:
பாயிண்ட்: சமையல்கட்டு.
ஆழம்: நாலு அங்குலம்.
கேசிங்: ஜூஸ் ஸ்ட்ரா, முக்கால் துண்டு.
அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து
நானே ஒரு கட்டம் வரைந்தேன்.
தண்ணீர்: வந்தது.
காலையில் ஊற்றியதுதான்.